கொசு இல்லாத தெரு

வெள்ளம் வடிந்த பிறகு அந்தத் தெருவுக்கு இரண்டு வந்து சேர்ந்தன. ஒன்று மின்சாரம், மற்றொன்று கொசு. மின்சாரம் வந்து வந்து போனது. கொசு வந்தது வந்ததுதான்.

லேசுப்பட்ட கொசு இல்லை அது. சுவரில் உட்கார்ந்தால் நிழல் விழும். வாசலில் நின்று "யாருங்க வீட்ல?" என்று கேட்க வாயைத் திறந்தால், கேள்வி வெளியே வருவதற்குள் இரண்டு கொசு உள்ளே போயிருக்கும். பொழுது சாயும் நேரத்தில் தெருவே சேர்ந்து கைதட்டியது. விவரம் தெரியாதவர் அந்தப் பக்கம் வந்தால் யாருக்கோ பாராட்டுக் கூட்டம் நடக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்.

கைதட்டாத ஆள் ஒருவர்தான். முத்திரையார்.

அவர் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைகளுக்குப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். தப்பாக இருந்தால் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அவர் தலை தெரிந்தால் கடைக்காரர்களுக்கு விக்கல் எடுக்கும். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் பெயர் மட்டும் போகவில்லை. முதுகு இன்னும் அளவுகோல் மாதிரி நேராக இருந்தது. வீட்டுக்குள்ளேயும் இஸ்திரி போட்ட பேன்ட்தான். கொசு கடித்தால் சொறிய மாட்டார்.

"கடிக்கிறது அதோட புத்தி. நாலு பேர் முன்னாடி சொறிஞ்சா கேவலம் நமக்குத்தான்" என்பார்.

"உங்களைக் கடிக்கிற கொசு வணக்கம் வெச்சுட்டுத்தான் அத்தான் கடிக்குது, நான் பார்த்தேன்" என்பான் மைக்செட்.

மைக்செட் அவர் மனைவியின் தம்பி. விசேஷங்களுக்கு நாற்காலி, மின்விசிறி, ஒலிபெருக்கி எல்லாம் வாடகைக்கு விடுகிறவன். வெள்ளத்துக்குப் பிறகு விசேஷம் எதுவும் இல்லாததால் சாமான்கள் எல்லாம் அடுத்த வீட்டில், அவனுடைய கொட்டகையில் சும்மா கிடந்தன. வாய் மட்டும் சும்மா கிடக்கவில்லை. சுகாதாரத் துறை அறிவிப்பு செய்ய ஆள் தேடியபோது, ஆட்டோவில் இரண்டு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"பொதுமக்கள் கவனத்துக்கு! வயக்காடு பூரா சேறு, வண்டி உள்ளே போகாது. அதனால கொசு மருந்து விமானத்துல வருது! விமானம் தாழப் பறக்கும், பயப்படாதீங்க. மருந்து கொசுவுக்குத்தான், உங்களுக்கு இல்ல. அந்த நேரம் ஜன்னலைச் சாத்திட்டு உள்ளே இருங்க. காயப்போட்ட துணியை எடுங்க. தேனீப் பெட்டி வெச்சிருக்கவங்க பெட்டியை மூடுங்க. வேடிக்கை பார்க்க மாடி ஏறாதீங்க. ஏறினா கொசுவோட கொசுவா உங்களையும் கணக்குல சேர்த்துடுவாங்க!"

கடைசி வரி துறை எழுதிக் கொடுத்தது இல்லை.

இந்த விமானத்துக்காக அந்தத் தெருவில் யாரையும்விட அதிகமாகக் காத்திருந்தவர் முத்திரையார்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அவருடைய ஒரே மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் துணிக்குள் பொதிந்து வைத்திருந்த ஒரு மூக்கையும் ஒரு கட்டைவிரலையும் பார்த்ததோடு சரி. மகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுத்த ஊரில் இருக்கிற தன் மாமியார் வீட்டுக்குப் போனாள். மறுவாரமே வெள்ளம் வந்து சாலையை அறுத்துக்கொண்டு போனது. இப்போது சாலையைச் சரிசெய்துவிட்டார்கள்.

"விமானம் வந்து மருந்தடிச்சுட்டுப் போகட்டும்ப்பா. அப்புறம் பாப்பாவைத் தூக்கிட்டு வரேன். இது என்ன பெரிய உடம்பா, கொசுக்கடியைத் தாங்க?" என்றாள் மகள். நியாயமான பேச்சு. அவரும் சரி என்றார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் மனைவி ஒரு நாள் காலை போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வெளியே வரும்வரை.

"விமானம் எங்கெங்க பறக்கணும்னு முடிவு பண்ண, முன்னாடியே ஒருத்தர் தெருத்தெருவா வந்து கொசு எண்ணுவாங்களாம். இன்னைக்குச் சாயங்காலம் நம்ம தெருவுக்கு யார் வராங்க தெரியுமா? மாப்பிள்ளையோட அக்கா!"

முத்திரையார் பேப்பரை மடித்து வைத்தார்.

சம்பந்தி வீடு என்பது என்ன என்று இந்தக் காலத்தில் பலருக்குத் தெரிவதில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் அவர்கள் கண்ணுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதிலும் அந்தச் சம்பந்தியம்மா, கல்யாணம் பேச முதன்முதலாக வந்தபோது, வாசலில் நின்று தெருவை மேலும் கீழும் பார்த்து, "தெரு கொஞ்சம் பள்ளமா இருக்குல்ல?" என்று ஒரு வார்த்தை விட்டார். அவர்கள் வீடு மேட்டில். அன்றைக்கு முத்திரையார் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். ஆனால் அந்த வார்த்தை உள்ளே இறங்கவே இல்லை. இத்தனை நாளாகத் தொண்டையிலேயே நின்றது.

இப்போது அந்த அம்மாவின் மகள் வந்து, இந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து, இத்தனை கொசு என்று எண்ணி, அங்கே போய்ச் சொல்ல வேண்டும்!

"நம்ம தெருவுல கொசு கிடையாது" என்றார் முத்திரையார்.

"உங்க காதுமேலயே ஒண்ணு உக்காந்திருக்கு" என்றாள் மனைவி.

"அவங்க வர்ற நேரத்துல கிடையாதுன்னு சொல்றேன்."

மைக்செட்டுக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. "அத்தான், கொசு இல்லைன்னு ஆயிட்டா விமானம் வராம போயிடாதா?"

"விமானம் என்ன தள்ளுவண்டியாடா, வாசல் வாசலா நின்னு கேட்டுட்டுப் போக? ஊருக்கு அடிச்சா நமக்கும்தான் விழும். எண்ணுறது சும்மா ஆபீஸ் சம்பிரதாயம். நாப்பது வருஷம் ஆபீஸ் பார்த்தவன் சொல்றேன்."

அவர் சொன்னால் தெருவில் மறுபேச்சு இல்லை. அன்று பிற்பகலே எல்லா வாசலிலும் பச்சை இலையையும் ஈரச் சருகையும் குவித்துப் புகை போட்டார்கள். பக்கத்து வீட்டு நாய் தும்மித் தும்மி ஓய்ந்து, ஊரைவிட்டுப் போகிற முகத்தோடு தெருமுனைக்கு நடந்தது. மைக்செட்டின் கொட்டகையிலிருந்து நான்கு பெரிய ஸ்டாண்டு ஃபேன்கள் முத்திரையார் வீட்டு முற்றத்துக்கு வந்து மூலைக்கு ஒன்றாக நின்றன. சாக்கடையில் எண்ணெய் ஊற்றினார்கள். குப்பைத்தொட்டிக்குக்கூடக் குளியல் கிடைத்தது.

மாப்பிள்ளையின் அக்கா மாலையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். தோளில் ஒரு பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் எண்ணும் கருவி ஒன்று. கட்டைவிரலால் அமுக்கினால் 'டிக்' என்று ஒரு எண் கூடும்.

"வாம்மா, வா வா. உள்ளே வா" என்றார் முத்திரையார்.

"உள்ளே வேண்டாம் மாமா. வெளியில உக்காந்துதான் எண்ணணும்."

"எங்க வீட்டுக்கு வந்துட்டு நீ தெருவுல உக்காருறதா? எங்களை என்னன்னு நினைப்பாங்க?"

கடைசியில் முற்றம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். நாற்காலி முற்றத்துக்கு நட்டநடுவே போடப்பட்டிருந்தது. நான்கு ஃபேனும் நான்கு பக்கமிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஃபேன் எதுக்கு மாமா?"

"உனக்கு வேர்க்குமேன்னுதாம்மா" என்றாள் முத்திரையாரின் மனைவி, கண்ணில் புகை பட்டு நீர் வழிய.

ஒரு நிமிஷத்தில் காலில் எத்தனை கொசு வந்து உட்காருகிறது என்று எண்ண, மாப்பிள்ளையின் அக்கா முழங்கால் வரை ஒரு காலைத் திறந்து, ஆடாமல் உட்கார்ந்தாள். முத்திரையார் மரியாதைக்காகச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். சுடிதார் துப்பட்டா கொடி மாதிரி பறந்தது. முடி முகத்தில் அடித்தது. புகையில் இரண்டு முறை இருமினாள். நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. பாதி நிமிஷத்தில் ஒரே ஒரு கொசு, குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவனைப் போலத் தள்ளாடித் தள்ளாடி, ஃபேன் காற்றைக் கடந்து அவள் முழங்காலை நோக்கி வந்தது.

"காபி எடுத்துக்கோம்மா!" என்று முத்திரையாரின் மனைவி பாய்ந்து நீட்டிய தட்டில் அது அடிபட்டுச் செத்தது.

நிமிஷம் முடிந்தது. 'டிக்' என்ற சத்தம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவள் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள், ஃபேன்களைப் பார்த்தாள், முத்திரையாரின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து வேண்டாம் என்று விட்டாள்.

"உங்க தெருவுல கொசுவே இல்லை மாமா" என்றாள்.

"நாங்க அப்படித்தாம்மா இருந்து பழகிட்டோம்" என்றார் முத்திரையார்.

அன்று இரவு அவருக்கு நல்ல தூக்கம். கொசு கடித்ததுகூடத் தெரியவில்லை.

மறுநாள் காலை மகள் கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அப்பா! அண்ணி சொன்னாங்க, நம்ம தெருவுல ஒரு கொசுகூட இல்லையாமே! சுத்துப்பட்டு எல்லாத்துக்கும் மருந்தடிக்கிறாங்களாம், நம்ம தெருவுக்கு மட்டும் தேவையே இல்லைன்னு மேப்புல போட்ட கோட்டுக்கு வெளியில விட்டுட்டாங்களாம். எங்க அத்தைக்கு ஒரே ஆச்சரியம். அப்புறம் எதுக்கு விமானத்துக்குக் காத்திருக்கணும்? நாளைக்குக் காலையில பாப்பாவைத் தூக்கிட்டு வரோம். அத்தையும் வராங்க!"

முத்திரையாரின் கையிலிருந்த டம்ளர் மேசைக்கு எப்படிப் போனது என்று அவருக்கே தெரியாது. அந்த நேரத்தில் அவர் பேன்ட்டின் மேல் நாலு கொசு வரிசையாக உட்கார்ந்திருந்தது.

"ஒரு... ஒரு வாரம் கழிச்சு வாயேம்மா."

"ஏன்ப்பா?"

"சும்மாதான். வீட்ல கொஞ்சம் வேலை."

மகள் மெதுவாகக் கேட்டாள்: "புள்ளையைத் தூக்கிட்டு வராதேன்னு சொல்றீங்களா?"

"சேச்சே! வா, வா. தாராளமா வா" என்றார். போனை வைத்தார். நெற்றியைத் துடைத்தார்.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் மனைவி. "அந்தப் பிஞ்சு உடம்பு. பக்கத்துத் தெருவுல ரெண்டு பிள்ளைங்க காய்ச்சல்ல கிடக்கு. நம்ம கௌரவத்தைக் கொண்டுபோய் அது தொடையில கொப்புளமா போடப் போறீங்களா?"

அவர் எழுந்தார். சட்டையை மாட்டினார். மைக்செட்டைக் கூப்பிட்டார். ஆட்டோ கிளம்பியது.

ஊருக்கு வெளியே, சமமான மேட்டுநிலத்தில் ஒரு பழைய ஓடுதளம் இருந்தது. அங்கேதான் விமானம் நின்றது. மஞ்சள் நிறம், ஒரே ஒருவர் உட்காரும் இடம், உடம்புக்குப் பொருந்தாத நீளமான இறக்கை. மைக்செட் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதைவிட என் ஆட்டோவுல இடம் அதிகம் அத்தான்" என்றான். கையுறையும் முகமூடியும் போட்ட இரண்டு பேர் பீப்பாயிலிருந்து மருந்தைக் குழாய் வழியாக விமானத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விமானி இறக்கையின் கீழே குந்தியிருந்து, மருந்து தெளிக்கும் முனைகளைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். சற்றுத் தள்ளி ஒரு கூடாரம். அதில் மேசை, மேசைமேல் காற்றுக்குப் பறக்காமல் நான்கு கல் வைத்த பெரிய வரைபடம். வரைபடத்தில் ஊரைச் சுற்றிச் சிவப்புக் கோடு. கோட்டுக்கு நடுவே, பல்வரிசையில் பல் விழுந்த இடம் மாதிரி, ஒரு சின்ன ஓட்டை.

அந்த ஓட்டை எது என்று முத்திரையாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாப்பிள்ளையின் அக்கா கூடாரத்தில் இல்லை. அந்த மட்டுக்கு நல்லதாகப் போயிற்று என்று நினைத்து, விமானியிடமே போனார்.

"தம்பி, ஒரு சின்ன விஷயம். நாளைக்கு மருந்தடிக்கும்போது, அந்தத் தெருப் பக்கம் திரும்புற மாதிரி வந்தா, அப்படியே லேசா..."

"லேசா?"

"மருந்துக் குழாயைக் கொஞ்சம் மூடாம விட்டா போதும். காத்துல போச்சுன்னு வெச்சுக்கலாம்."

விமானி எழுந்து நின்றார். "பெரியவரே, கையால நான் எதையும் திறக்கறதும் இல்ல, மூடறதும் இல்ல. கோட்டுக்குள்ள போனா அதுவா திறக்கும், வெளியில வந்தா அதுவா மூடும். காத்து எந்தப் பக்கம்னு பார்த்துத்தான் ஓட்டுறேன். கோடு போட்டவங்களைக் கேளுங்க."

"எல்லாம் சரிதான் தம்பி. நீங்க கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்றார் முத்திரையார்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

அந்த வாக்கியத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருஷம் கேட்டிருக்கிறார். தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்திருந்த மளிகைக்காரர் சொன்னது. எடைக்கல்லைக் குடைந்து ஈயத்தை எடுத்திருந்த இரும்புக்கடைக்காரர் சொன்னது. சொல்லும்போது இதே மாதிரி தலையைக் கொஞ்சம் சாய்த்து, இதே மாதிரி ஒரு இளிப்பு இளித்து. அப்போதெல்லாம் அவர்களுடைய முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூசும். இன்றைக்கு அந்த முகம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை.

"என்ன மாமா, இங்கே?"

பின்னால் மாப்பிள்ளையின் அக்கா நின்றிருந்தாள், கையில் தேநீர்க் கோப்பையோடு. மைக்செட் வாயைத் திறந்தான். "அது வந்து, எங்க அத்தானுக்கு விமானம்னா சின்ன வயசுலேர்ந்தே..."

"நீ சும்மா இருடா." முத்திரையார் முதுகை நிமிர்த்தினார். "அம்மா, என் வீட்ல எடை தப்பு. தட்டுக்கு அடியில நான் கையை வெச்சேன். தெருவுல கொசு மண்டுது. நீ வரேன்னு புகை போட்டோம், ஃபேன் வெச்சோம். உன் கால்ல உக்கார வந்ததை இவன் அக்கா காபித் தட்டால அடிச்சா. திருப்பி எண்ணு."

அவள் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டுச் சிரித்தாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

"எனக்குத் தெரியும் மாமா. அந்த ஃபேன் காத்துல நானே பறந்துடுவேன்னு பயந்துட்டு உக்காந்திருந்தேன்."

"தெரிஞ்சா ஏன் இல்லைன்னு போட்டே?"

"எண்ணினதைத்தானே போட முடியும்? வீட்டுக்காரங்களே சந்தேகமா இருக்குன்னு கேட்டா மறுபடி எண்ணலாம். நானா உங்களை நம்பாம திரும்பி வந்தேன்னு வைங்க, சம்பந்தி வீட்டை அவமானப்படுத்திட்டியேன்னு எங்க அம்மா என்னை வாசப்படி ஏற விடுவாங்களா? இன்னைக்கு ராத்திரி வந்து உங்க பொண்ணுகிட்ட மட்டும் காதோட காதா சொல்லலாம்னு இருந்தேன்."

முத்திரையார் அவளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். மானத்துக்குப் பயந்தவர்கள் தன் வீட்டில் மட்டும் இல்லை என்பது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"அதோட மாமா, இதுல அசிங்கப்பட என்ன இருக்கு? இது வயல்ல பொறந்த கொசு. முட்டை ஈர மண்ணுல கிடந்திருக்கு. தண்ணி ஏறினதும் ஒரே நேரத்துல பொரிஞ்சு, பறந்து வருது. உங்க வீடு சுத்தமா இல்லையாங்கிறதுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

"அப்ப இது எங்க வீட்டுக் கொசு இல்லையா?"

"உங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்த கொசு."

"அதைத்தான் அத்தான் நேத்து பட்டினி போடப் பார்த்தாரு" என்றான் மைக்செட்.

அன்று மாலை மறுபடி எண்ணுவது என்று முடிவானது. அம்மாவிடம் தானே பக்குவமாகச் சொல்லிவிடுவதாக அவள் சொன்னாள். முத்திரையார் கையை உயர்த்தித் தடுத்தார். "வேண்டாம்மா. தப்பா முத்திரை குத்தினவன்தான் அழிக்கணும். நான் பேசுறேன்."

இந்தத் தடவை நாற்காலி தெரு நடுவில் போடப்பட்டது. புகை இல்லை, ஃபேன் இல்லை. உட்காரப் போவது தான்தான் என்று முத்திரையார் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். உட்கார்ந்து, பேன்ட்டை முழங்கால் வரை ஒழுங்காக மடித்துவிட்டார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அந்தக் காலை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"எங்க அக்காவாவது பார்த்திருப்பாளா, தெரியல" என்றான் மைக்செட்.

"வாயை மூடுடா" என்றாள் அவன் அக்கா.

மாப்பிள்ளையின் அக்கா பக்கத்தில் குந்தி, "ஆரம்பிக்கலாமா மாமா?" என்றாள்.

கொசுக்களுக்கு யாரும் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கவில்லை. 'டிக்'. 'டிக் டிக்'. பிறகு அவள் கட்டைவிரல் தையல் மிஷின் ஊசி மாதிரி ஓடியது. முத்திரையார் அசையவில்லை. முதுகு நாற்காலியில் சாயவில்லை. இமைகூட ஆடவில்லை. கால் கறுத்துக்கொண்டே வந்தது. மனைவி பொறுக்க மாட்டாமல் துண்டை ஓங்கினாள்.

"தொடாதே!" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "கணக்கு கெட்டுடும்."

"போதும் மாமா, மருந்தடிக்க இருபத்தஞ்சு இருந்தா போதும். அதைத் தாண்டி எங்கேயோ போயாச்சு. எழுந்திருங்க."

"நிமிஷம் முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல, ஆனா..."

"அப்ப எண்ணு."

நிமிஷம் முடிந்தபோது தெருவில் ஒருவர் "அடேங்கப்பா!" என்றார். கொசுவைச் சொன்னாரா முத்திரையாரைச் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை. அவர் எழுந்து, பேன்ட்டை இறக்கிவிட்டு, மடிப்பை நீவிவிட்டு, வீட்டுக்குள் போனார். கதவு மறைத்த பிறகுதான் சொறிந்தார். அது வெளியே வரை கேட்டது.

இதெல்லாம் சுலபம். போன் இருக்கிறதே, அதுதான் கஷ்டம்.

கூடத்தில் நின்றுகொண்டே பேசினார். மனைவி ஒரு பக்கம், மைக்செட் ஒரு பக்கம், மாப்பிள்ளையின் அக்கா வாசற்படியில். சம்பந்தியம்மா எடுத்ததுமே, "சொல்லுங்க சம்பந்தி, நாளைக்குக் காலையிலேயே கிளம்பிடறோம்" என்றார்.

"சம்பந்தி, நாளைக்கு வர வேண்டாம்."

அந்தப் பக்கம் ஒரு மௌனம். இப்படி ஒரு மௌனத்துக்குப் பயந்துதான் மனிதர்கள் எத்தனையோ பொய் சொல்கிறார்கள்.

"குழந்தை வரக் கூடாதுன்னு இல்ல. எங்க தெருவுல கொசு இருக்கு. நிறைய இருக்கு. உங்க பொண்ணு எண்ண வந்தப்ப நான் மறைச்சுட்டேன். உங்க காதுக்குப் போகக் கூடாதுன்னு மறைச்சேன். தப்பு என்மேல. நாளைக்குச் சாயங்காலம் மருந்தடிச்சப்புறம் வாங்க."

முத்திரையார் நிமிர்ந்து நின்றபடியே காத்திருந்தார்.

"அடக் கடவுளே" என்றது போன். பிறகு குரல் தாழ்ந்தது. "சம்பந்தி, பக்கத்துல என் பொண்ணு இருக்காளா?"

"வாசப்படியில இருக்கா."

"அவளுக்குக் கேக்காம பேசுங்க. இங்கேயும் அதே கதைதான். இது அவ பொறந்த ஊருன்னு அவளை இங்கே எண்ண விடலை, வேற ஒரு பையனை அனுப்பினாங்க. உங்க தெருவுல ஒண்ணுகூட இல்லைன்னு நேத்து ராத்திரி அவ வந்து சொன்னா, இன்னைக்கு அவன் வந்து நிக்கிறான்! பள்ளத்துலயே இல்லைன்னா மேட்டுல இருக்குன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? அந்தப் பையனை ரூமுக்குள்ள உக்கார வெச்சு, ஏசியைப் போட்டு, வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, அங்கேயே எண்ணச் சொல்லிட்டோம். இங்கே ராத்திரி பகல் தூக்கம் இல்ல. குழந்தையை வலைக்குள்ளேயே வெச்சிருக்கோம். உங்க வீட்டுக்கு வந்தாலாவது நாலு நாள் நிம்மதியா தூங்கலாமேன்னுதான் நாளைக்கே கிளம்புறதா இருந்தேன்!"

போன் ஸ்பீக்கரில் இருந்தது முத்திரையாருக்கு அப்போதுதான் தெரிந்தது. மைக்செட்டின் பழக்கம் அது. எந்தப் பொத்தானைப் பார்த்தாலும் சத்தம் கூடுகிற பொத்தானைத்தான் அமுக்குவான்.

"அம்மா!" என்றாள் வாசற்படியில் இருந்தவள்.

"ஐயோ" என்றது போன்.

அதற்கு மேல் நடந்ததைச் சம்பந்தி வீட்டு மரியாதையை உத்தேசித்து விரிவாகச் சொல்ல வேண்டாம். விடிவதற்குள் அந்தப் பையனை மறுபடி எழுப்பி மேட்டுத் தெருவுக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை அவனை வெளியே உட்கார வைத்தார்கள். சாப்பாடு எண்ணி முடித்த பிறகுதான். மதியத்துக்குள் வரைபடத்தில் சிவப்புக் கோடு ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கமும் போயிருந்தது. நடுவில் இருந்த ஓட்டையும் அடைபட்டது.

சாயங்காலம் காற்று அடங்கியது. தெருவில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன. முத்திரையார் கூடத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் சொல்லிக்கொண்டே வந்தாள்: "வருதுப்பா, வருது... தலைக்கு மேல வந்துடுச்சு..." போனுக்குள் ஒரு இரைச்சல் வளர்ந்து பெரிதாகி, அதற்கு நடுவில் ஒரு சின்னக் குரல் வீறிட்டு அழுதது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் அந்தக் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. இரைச்சல் தேய்ந்தது. அழுகை தேயவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே இரைச்சல் அவர் ஓட்டுக்கூரை மேல் வந்து, அலமாரிப் பாத்திரங்களை ஆட்டிவிட்டுப் போனது. விமானம் குழந்தையைப் பார்த்துவிட்டு நேரே தன் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

"இங்கேயும் வந்துட்டுப் போச்சும்மா" என்றார்.

சம்பந்தியம்மா போனை வாங்கினார். "சம்பந்தி, எங்க பக்கம் கொஞ்சம் கூடுதலா அடிச்ச மாதிரி தெரிஞ்சுது."

முத்திரையாரின் மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் உதடு ஒருமுறை துடித்தது. அப்புறம் சொன்னார்: "இருக்கும் சம்பந்தி. நீங்க மேட்டுல இருக்கீங்க. விமானத்துக்குப் பக்கம்."

மறுநாள் காலை மகள் கூப்பிட்டபோது அந்தப் பக்கம் கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"பையெல்லாம் ஏத்தியாச்சுப்பா. கிளம்பலாமா? இப்ப கொசு இருக்கா?"

"இரு. பார்த்துட்டுச் சொல்றேன்."

வாசலில் நாற்காலியைப் போட்டார். பேன்ட்டை மடித்தார். போன் மடியில் கிடந்தது, மகள் காத்திருந்தாள். மைக்செட் அவன் வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தான், முதல் தடவையாக ஒன்றும் பேசாமல். தெருவில் யாரும் கைதட்டவில்லை. எங்கேயோ ஒரு குழாய் சொட்டியது. நிமிஷம் முடியப் போகிற நேரத்தில் ஒன்று வந்தது. மெதுவாக, யோசித்து யோசித்து வந்து, ஆடுசதையில் உட்கார்ந்தது. அவர் அதை அடிக்கவில்லை. நிமிஷம் முடியட்டும் என்று இருந்தார்.

"ஒண்ணு இருக்கும்மா" என்றார்.

"ஒண்ணுதானாப்பா?"

"ஒண்ணு. நானே பார்த்தேன்."

போனுக்குள் தூரத்திலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது: "நம்ம வீட்ல ரெண்டு இருக்கு! வண்டியை எடுக்கச் சொல்லு!"